திருகோணமலையிலிருந்து அமெரிக்கக் கோச்சுக்கு எழுதுவது எப்படி

பிள்ளை நன்றாக நீந்துகிறது, படிப்பிலும் சோடையில்லை, நீச்சலைக் காட்டி எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் மாதிரி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு முயலலாமா என்று கேட்கிறீர்கள். முயலலாம். ஆனால் உப்புவெளிக் கடலில் எவ்வளவு தூரம் நீந்தினாலும் அந்த நேரம் அங்கே செல்லாது, நீரோட்டம் தள்ளிவிட்டதா பிள்ளை கையடித்துப் போனதா என்று கோச்சுக்கு எப்படித் தெரியும்? என் மருமகனுக்காக நாங்கள் முதலில் அனுப்பியதே டச்சுக்குடாவில் எடுத்த வீடியோதான். பதில் வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

போட்டியில் பதிவான நேரம் வேண்டும். இரவு பஸ் ஏறிக் கொழும்பு சுகததாச தடாகத்துக்குப் போய் நீந்தினால் அது 50 மீற்றர் நேரம். அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் 25 யார் (கஜம்) தடாகத்தில் நீந்துகின்றன, அதாவது 22.86 மீற்றர். 100 யாருக்கு மூன்று தடவை திரும்பிச் சுவரை உதைக்கலாம், நமக்கு 100 மீற்றருக்கு ஒரு தடவைதான், தூரமும் நமக்குத்தான் கூட. ஆகவே அவர்களுடைய நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாற்றிக் கணக்குப் பார்த்து, அந்த அணியின் நடுத்தர ஆளுக்குப் பக்கத்தில் வந்தால் எழுதுங்கள்.

ஈமெயில் தலைப்பிலேயே விஷயம் இருக்கட்டும்: '100 மீற்றர் பட்டர்ஃபிளை 58.4, 50 மீற்றர் தடாகம், இலங்கை, 2027இல் சேர விருப்பம்'. உள்ளே போட்டியின் பெயர், திகதி, முடிவுகளின் இணைப்பு, சாதாரண தரப் பெறுபேறு, எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் பரீட்சை) புள்ளி. அவ்வளவுதான். திருக்கோணேச்சரத்தில் நேர்த்தி வைத்த கதையெல்லாம் அவருக்கு வேண்டாம். பிள்ளையே எழுதட்டும், அப்பா எழுதினால் வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்புறம்தான் படிப்பு. இந்த மாதிரி இடங்களில் கோச் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, சேர்ப்பது அனுமதிப் பிரிவு. எம்.ஐ.டி.யில் கோச் பரிந்து பேசலாம், இடம் ஒதுக்க முடியாது. வேறு சில கல்லூரிகளில் விண்ணப்பிக்க முன்னமே, பெரும்பாலும் ஜூலைக்குப் பிறகு, பிள்ளையின் புள்ளிகளை அனுமதிப் பிரிவிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். 'என் புள்ளிகளைக் காட்டினீர்களா, என்ன சொன்னார்கள்?' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். 'உன்னில் எங்களுக்கு நல்ல விருப்பம்' என்பது பதிலில்லை.

காசு விஷயம். ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீக்கிலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் இருக்கும் கல்லூரிகளிலும் (எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் இரண்டும் இந்தப் பிரிவில்தான்) விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். எம்.ஐ.டி.யும் அம்ஹர்ஸ்டும் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்கிறது என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளுவதில்லை, ஆனால் பல கல்லூரிகளில் அது பாதிக்கும். சில கோச்சுகள் 'ஏர்லி டிசிஷன்' போடச் சொல்வார்கள். கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்று கையெழுத்து வைக்கிற விண்ணப்பம் அது. தோராயமாக எவ்வளவு உதவி வரும் என்று நிதி உதவி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பேனாவை எடுங்கள்.

கோச் வீடியோவில் பேசக் கூப்பிட்டால் நேரத்தைச் சரிபாருங்கள்: பொஸ்டனில் காலை 9 என்றால் இங்கே அவர்களுடைய கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30.