மணல் கணக்கு இடித்தது எங்கே?

வீட்டு வேலைக்கு எக்செல்லில் பட்ஜெட் போட்டு, செலவை ஒவ்வொரு தலைப்பிலும் ஏற்றிக்கொண்டு வந்தோம். எம்-சாண்டில், அதாவது கல்லை அரைத்துச் செய்யும் மணலில், ஒரு விசித்திரம்: அளவு மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது, பணமோ முழுக்கத் தீர்ந்துவிட்டது.

பில்களைச் சரிபார்த்தேன். லோடு குறைகிறதோ என்று லாரியில் டேப் வைத்து அளந்தேன். எல்லாம் சரி. நாட்கள் போனதுதான் மிச்சம்.

வாங்கிய விலையை பட்ஜெட் விலையால் வகுத்தபோது பிடிபட்டது. மணல், ஜல்லி இரண்டிலும் ஏறத்தாழ 2.8. மூட்டைக் கணக்கான சிமெண்டிலும் கிலோக் கணக்கான கம்பியிலும் வித்தியாசமே இல்லை.

பட்ஜெட் கனமீட்டரில், லாரிக்காரர் பில் யூனிட்டில். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். பில் அளவை 2.83 ஆல் பெருக்கும் தனிப் பத்தி சேர்த்தேன். இரண்டு தலைப்பும் நேராகிவிட்டன. அப்பாடா!