சுருட்டு கோணலாக எரிவதைச் சரிசெய்த விதம்

சுருட்டு ஒரு பக்கம் மளமளவென்று எரிந்து, மறுபக்கம் அப்படியே நிற்பது எனக்கு ரொம்ப நாள் தலைவலி. நல்ல சுருட்டு இப்படி வீணாவதைப் பார்க்க மனசு கேட்காது. காரணம் பெரும்பாலும் ஈரம்தான். ஈரம் கூடிய இலை மெதுவாகப் பற்றும், காய்ந்த இலை வேகமாக எரிந்துவிடும்.

முதலில் சுருட்டு வைக்கும் பெட்டியிலிருந்த ஈரப்பதமானியைச் சோதித்தேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்தேன். உப்பு கரைந்துபோகக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத உறையில் இரவு முழுக்க வைத்தால் மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 70 காட்டியது. அப்படியென்றால் பெட்டிக்குள் 70 என்று காட்டியபோது உண்மையில் இருந்தது 75! உடனே பெட்டிக்குள் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் ஈரப்பதப் பொட்டலத்துக்கு மாறி, சில வாரம் சுருட்டுகளைத் தொடாமல் விட்டேன். இலைக்குள்ளே ஈரம் சமமாவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும், அவசரப்பட்டுப் பயனில்லை.

அப்புறம் பற்றவைப்பது. பியூட்டேன் லைட்டர் போதும். சுடர் இலையில் படாமல் சற்றுக் கீழே பிடித்து, சுருட்டை உருட்டிக்கொண்டே நுனியின் விளிம்பு முழுக்கக் கருகும்வரை சூடேற்றுவேன். பிறகுதான் முதல் இழுப்பு. நுனியில் லேசாக ஊதினால் கங்கு தெரியும்; எங்காவது கறுப்பாக இருந்தால் அங்கே மட்டும் சுடரைக் காட்டுவேன்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்புப் போதும். நடுவில் கோணினால், பின்தங்கிய பக்கத்துக்குக் கொஞ்சம் சுடர் காட்டினால் சரியாகிவிடும்.