தருமபுரி நேரோகேஜ் நிலையம்: ஆறடிப் பலகையில் நீராவிக்கால மாதிரி ரயில் அமைக்கும் முறை

மொரப்பூரிலிருந்து புறப்பட்ட நேரோகேஜ் (குறுகிய பாதை) ரயில் 1906 முதல் 1913 வரை தருமபுரியோடு முடிந்தது; தண்டவாளம் ஓசூர் வரை நீண்டது அதற்குப் பிறகுதான். அந்த ஏழு ஆண்டுக் காலத்தைத்தான் எங்கள் வீட்டுப் பின்னறையில், ஆறடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு பலகையில் அமைத்திருக்கிறேன். கடைசி நிலையம் என்பதால், வந்து சேர்ந்த இன்ஜின் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பிரிந்து மீண்டும் சேரும் லூப் பாதை வழியாகச் சுற்றிவந்து, மறுமுனையில் மாட்டிக்கொண்டுதான் திரும்பிப் போக முடியும். இந்த ஒரு வேலையைத் தடங்கலின்றிச் செய்யக்கூடிய மாதிரியைப் புதிதாகத் தொடங்குபவர் எப்படிக் கட்டலாம் என்பதை, நான் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். பற்றவைப்பது, மல்டிமீட்டர் பிடிப்பது ஆகியவை தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது இது. அவற்றைத் தனியே விளக்கவில்லை.

வேலைக்குள் இறங்குமுன் ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1880இல் பஞ்சக் கமிஷன் வறண்ட பகுதிகளுக்குத் தானியம் கொண்டுசெல்ல ரயில் பாதைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த நோக்கத்தில் பிறந்தவைதாம் 1905இல் திறக்கப்பட்ட திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும், மறு ஆண்டு திறக்கப்பட்ட மொரப்பூர்–தருமபுரி பாதையும். இரண்டும் 2 அடி 6 அங்குல, அதாவது 762 மி.மீ. அகலமுள்ள பாதைகள், 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டுமே மூடப்பட்டுவிட்டன. தானியத்துக்காகப் போட்ட பாதை என்பதால், என் பலகையில் பயணிகள் பிளாட்பாரத்தைவிடக் குட்ஸ் ஷெட்டுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். எந்த நிலையத்தை எடுத்துக்கொண்டாலும், அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டுவிட்டுப் பலகையைப் பங்கிடுங்கள்.

முதல் படி: அளவுவிகிதம்

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மிகச் சிறிய தண்டவாளம் 9 மி.மீ. அகலம் உடையது. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 வருகிறது, ஆகவே 1:87 அளவில் 9 மி.மீ. தண்டவாளம் நம் பாதைக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. பிரிட்டனில் வழங்கும் 1:76.2 அளவில் அதே பாதைக்குச் சரியாக 10 மி.மீ. தேவைப்படும், அங்கே 9 மி.மீ. போட்டால் பாதை ஒடுங்கித் தெரியும். இந்தக் கணக்கைப் போடாமல் கட்டடங்களை ஓர் அளவிலும் வண்டிகளை இன்னோர் அளவிலும் வாங்கிவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

மொரப்பூரில் சந்திக்கும் அகலப்பாதையையும் சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 1676 மி.மீ. பாதை 1:87 அளவில் 19.3 மி.மீ. ஆகிறது, கடையில் கிடைக்கும், 1:87 அளவுக்கான எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வேறுபாடு கண்ணை உறுத்தும். நான் தருமபுரியைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: பலகையும் தடத் திட்டமும்

12 மி.மீ. மரைன் பிளைவுட், அடியில் பைன் சட்டம், மேலும் கீழும் இரண்டு பூச்சு பெயின்ட். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறடியை 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 160 மீட்டர்தான் வருகிறது. ஒரு நிலைய வளாகம் முழுவதும் அதற்குள் அடங்காது. ஆகவே எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிளாட்பாரத்தைச் சுருக்கலாம், லூப்பையும், லூப்புக்கு அப்பால் இன்ஜின் போய் நிற்கும் கழுத்துப் பகுதியையும் சுருக்கக் கூடாது. என் முதல் திட்டத்தில் அந்தக் கழுத்தை 80 மி.மீ. என்று வைத்திருந்தேன், ஏனெனில் என் இன்ஜின் 75 மி.மீ. நீளம். ஓட்டிப் பார்த்தபோது இன்ஜினின் பின்சக்கரம் பாயின்ட்டின் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) நகரும் நாக்கு மீதே நின்றது; பாயின்ட்டை மாற்ற முடியவில்லை, சுற்றிவரவும் முடியவில்லை. தண்டவாளம் முழுவதையும் பிரித்து மறுபடி போட நேர்ந்தது. இன்ஜின் நீளத்தைப்போல் இரு மடங்கு, அதாவது 150 மி.மீ., கழுத்துக்கு ஒதுக்குங்கள். லூப்பில் உங்கள் மிக நீளமான ரயில் நின்ற பிறகும் இரு பக்கமும் 50 மி.மீ. மிஞ்ச வேண்டும். தாளில் வரைந்து திருப்தி அடையாமல், பாயின்ட்டுகளை ஒளிநகல் எடுத்து வெட்டிப் பலகைமேல் பரப்பி, உண்மையான வண்டிகளை அவற்றின் மேல் வைத்துப் பாருங்கள்.

பலகையின் மறுமுனையில் இரண்டடி நீளமுள்ள தனிப் பலகை ஒன்று கொக்கியில் மாட்டப்படுகிறது. அதுதான் மொரப்பூர். காட்சி எதுவும் அதில் இல்லை. ரயில்கள் போய் மறைந்து, மாற்றி அடுக்கப்பட்டுத் திரும்பி வருவதற்கான இடம் மட்டுமே.

மூன்றாம் படி: தண்டவாளமும் மின்சாரமும்

துண்டு துண்டாக வரும் செட் தண்டவாளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணைப்புகள் கூடக்கூட மின்தடையும் கூடுகிறது. பெக்கோ நிறுவனத்தின் வளையும் 9 மி.மீ. தண்டவாளம், சிலீப்பர் கட்டைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் அமைந்த வகை, நேரோகேஜுக்கு மிகப் பொருத்தம். நம் ஊர்க் கோடையில் பலகையும் தண்டவாளமும் நகரும் என்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். மார்கழிக் குளிரில் தண்டவாளம் போடுபவர்கள் இரண்டு கார்டு அளவு விடலாம்.

இடைவெளி விட்ட இணைப்பை மின்சாரத்துக்கு நம்பக் கூடாது. பலகைக்கு அடியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு தடித்த வயர்களை நீளவாக்கில் ஓடவிட்டு, தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய வயரை அவற்றில் பற்றவையுங்கள். பாயின்ட் வாங்கும்போது, பிளாஸ்டிக் ஃபிராக் (பாயின்ட்டில் உள்தண்டவாளங்கள் இரண்டும் சந்திக்கும் பகுதி) உள்ளதைத் தவிர்த்து, உலோக ஃபிராக் உள்ளதையே வாங்குங்கள். நான்கு சக்கரச் சிறிய இன்ஜின் பிளாஸ்டிக் பகுதியின் மேல் மெதுவாக வந்தால் மின்சாரம் அறுந்து நின்றுவிடும். விரலால் தள்ளிவிடும் ரயிலை ஓட்டுவதில் நிறைவில்லை. ஆனால் உலோக ஃபிராக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. லூப்பின் இரு முனைகளிலும் உள்ள பாயின்ட்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால், ஃபிராக்கிலிருந்து புறப்படும் இரண்டு உள்தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டுப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாயின்ட்டை மாற்றியவுடன் ஷார்ட் ஆகும். ஒவ்வொரு பாயின்ட்டைப் பதித்ததும் இரு நிலைகளிலும் மல்டிமீட்டரால் சோதித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

இன்ஜினுக்கு கேட்டோ நிறுவனத்தின் சிறிய அடிச்சட்டத்தின் மேல், முப்பரிமாண அச்சில் எடுத்த, தண்ணீரைத் தன்மேலேயே சுமக்கும் டாங்க் இன்ஜின் உடலைப் பொருத்தியிருக்கிறேன். அடிச்சட்டத்தில் இருப்பது கோர்லெஸ் (சுருளுக்குள் இரும்பு இல்லாத) மோட்டார் என்றால், குறைந்த அதிர்வெண்ணில் துடிக்கும் மலிவான வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைச் சூடாக்கிக் கெடுக்கும்; 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: ஜல்லி

இந்தப் படிதான் என்னை மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

ரயில் பாதை ஜல்லி சுமார் 50 மி.மீ. என்று கொண்டால், 1:87 அளவில் அது அரை மி.மீட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ ரவை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை, அவற்றின் பின்னால் கல்தூள் மலைபோல் கிடக்கிறது. வெளிநாட்டு ஜல்லிப் பொட்டலத்துக்குப் பணம் கொடுப்பானேன் என்று ஒரு பட்டறையில் கேட்டு அரை மூட்டை வாங்கிவந்தேன். சலித்து, பரப்பி, ஃபெவிகால் ஊற்றி, இரண்டு நாள் காயவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மூன்றாம் நாள் இன்ஜின் இரண்டு முறை போய்வந்தது. பிறகு அரைபடும் ஓசையோடு நின்றது. உடலைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்புத் துகள்கள் கம்பளிப்பூச்சியின் மயிர்போல் நட்டுக்கொண்டு நின்றன. பல்சக்கரத்தின் ஒரு பல் தேய்ந்தே போயிருந்தது.

மறுபடி அதே பட்டறைக்குப் போனபோது, அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல இரும்பு இருக்குதுங்க சார், கல்லு அறுக்கையில கூடவே எஃகுப் பொடியும் ஓடும், காந்தம் வச்சுப் பாருங்க" என்றார். பெரிய கல்லைப் பல தகடுகளால் அறுக்கும் கேங் ரம்பத்தில், எஃகுத் துகள் கலந்த குழம்பைத்தான் தகடுகளுக்கிடையே பாய்ச்சுகிறார்கள். அந்த எஃகெல்லாம் தூளோடு சேர்ந்துவிடுகிறது. கறுப்பு கிரானைட் என்று நாம் சொல்லும் டோலரைட் கல்லில் இயற்கையாகவே மேக்னடைட் கலந்திருப்பதால், அதன் தூளிலிருந்து காந்தத் துகளை முற்றிலும் நீக்கவும் முடியாது. ஆகவே கறுப்புக் கல்லின் தூளை விட்டுவிட்டு, செந்நிறம் ஓடிய கல்லின் தூளைக் கேளுங்கள். நம் செம்மண் பூமிக்கு நிறமும் அதுதான் பொருந்தும்.

தூளை முதலில் வாளித் தண்ணீரில் கொட்டி, மேலே மிதக்கும் பால்போன்ற கலங்கலை நான்கைந்து முறை வடித்துவிடுங்கள். இப்படிக் கழுவாத உலர்ந்த கல்தூளை ஒருபோதும் கையாளக் கூடாது, அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். காயவைத்தபின் ரவைச் சல்லடையில் சலித்துக் கீழே விழுவதை எடுத்து, அதை மைதாச் சல்லடையில் மறுபடி சலித்து, மேலே தங்குவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அதைச் செய்தித்தாளில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு, தூளைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். பையை உள்வெளியாகத் திருப்பினால் ஒட்டிய இரும்பு தனியே விழுந்துவிடும். நான் எட்டு முறை இழுத்தேன், எட்டாம் முறையும் இரண்டு மூன்று துகள்கள் வந்தன, ஒன்பதாம் முறைதான் பை சுத்தமாக வந்தது.

ஒட்டும் முறை வழக்கமானதுதான்: ஜல்லியைத் தூரிகையால் சிலீப்பர்களுக்கிடையே தள்ளி, பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டுக் கலந்த தண்ணீரைப் பனிபோல் தெளித்து நனைத்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நனைக்காமல் பசையை விட்டால் அது முத்து முத்தாக உருண்டு நிற்கும். பாயின்ட்டின் நகரும் பட்டையில் முன்கூட்டியே ஒரு துளி எண்ணெய் வையுங்கள், அங்கே ஜல்லியையும் குறைத்துப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஓசூர் வாசகர் ஒருவர், ஒன்பது முறை இழுத்த பிறகும் தம் ஜல்லியில் செம்புள்ளிகள் தோன்றியதாக எழுதியிருந்தார். காந்தத்துக்குத் தப்பிய எஃகுத் துகள் ஈரத்தில் துருப்பிடித்ததே காரணம். அவர் கண்ட வழி என் வழியைவிட நல்லது: ஒரு கரண்டித் தூளை உப்புத் தண்ணீரில் நனைத்து வெள்ளைச் சாஸரில் ஓர் இரவு வைத்தால், இரும்பு இருந்தால் காலையில் துரு தெரிந்துவிடும். மூட்டை முழுவதையும் கழுவுவதற்கு முன்பே இதைச் செய்துபாருங்கள்.

ஐந்தாம் படி: கட்டடமும் மரமும்

சுவருக்கு மவுண்ட் போர்டு, மேலே சுண்ணாம்பு நிறப் பெயின்டில் நுண்மணல் கலந்து ஒரு பூச்சு. மங்களூர் ஓட்டுக் கூரைக்கு, 4 மி.மீ. அகலத்தில் வெட்டிய தடித்த காகிதப் பட்டைகளில் 3 மி.மீ.க்கு ஒரு கோடு அழுத்தி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டினால் போதும். கரி இன்ஜினுக்குத் தண்ணீர்த் தொட்டியும் சாம்பல் கொட்டும் குழியும் இல்லாமல் நிலையம் நிறைவு பெறாது. இவை இரண்டையும் இன்ஜின் கழுத்தில் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள். மரம் ஒன்றே ஒன்று வைப்பதானாலும் அது புளியமரமாக இருக்கட்டும். கட்டுக்கம்பியை முறுக்கிக் கிளை பிரித்து, அரைத்து நிறமேற்றிய ஸ்பான்ஜ் தூளை ஒட்டுங்கள். காய்ந்த தேயிலைத் தூளைச் சிலர் சொல்வதுண்டு. மழைக்காலத்தில் அது பூசணம் பிடிக்கும்.

ஆறாம் படி: ஓட்டுதல்

மாதிரி ரயிலை மிக வேகமாக ஓட்டுவதுதான் புதியவர்களிடம் நான் காணும் பொதுவான குறை. நிலையத்துக்குள் வரும் சிறு ரயிலுக்கு மணிக்கு 25 கி.மீ. என்று வைத்தால், 1:87 அளவில் அது வினாடிக்கு 8 செ.மீ.; ஆறடிப் பலகையைக் கடக்க 23 வினாடி ஆக வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரம் வரும் இடத்தில் வேகக் குமிழின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

ஒற்றைப் பாதையில் டோக்கன் கையில் உள்ளவரே ரயிலைச் செலுத்தலாம் என்ற விதியை நாங்கள் வீட்டிலும் கடைப்பிடிக்கிறோம். என் மகள் மொரப்பூர்ப் பலகையில் நிற்பாள், நான் தருமபுரியில். பித்தளை வளையம் ஒன்றுதான் எங்கள் டோக்கன். "அப்பா, லைன் கிளியரா?" என்று அவள் கேட்டு, நான் வளையத்தைக் கொடுத்த பிறகே குமிழைத் திருப்புவாள். ரயில் வந்து நின்றதும் இன்ஜினைக் கழற்றுவது, கழுத்துக்குப் போவது, தண்ணீர் பிடிக்க ஒரு நிமிடம் நிற்பது, முதல் பாயின்ட்டை மாற்றுவது, லூப்பில் திரும்புவது, மறுமுனைப் பாயின்ட்டைக் கடந்து நின்று அதை மாற்றுவது, பின்னோக்கி மெல்ல வந்து மாட்டுவது என முழுச் சுற்றுக்கும் எங்களுக்கு ஆறு நிமிடம் ஆகிறது. குட்ஸ் ஷெட்டிலிருந்து கேழ்வரகு மூட்டை வேகன் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பத்து நிமிடம்.

ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது கீறும், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். ஓட்டி முடித்ததும் பலகை முழுவதையும் பழைய பருத்தி வேட்டியால் மூடிவையுங்கள்.