விஎம் கன்சோலில் திரை சிறுத்துப் போனால் எங்கே தொடங்குவது

விஎம் (விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவியாயிற்று, அதன் திரையைக் காட்டும் கன்சோலைத் திறந்தால் பெரிய மானிட்டரின் நடுவே 800×600 அளவில் ஒரு சின்னச் சட்டம், சுற்றிலும் கறுப்பு. டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போனால் பட்டியலில் ஒன்றிரண்டு அளவுகள்தான் இருக்கின்றன, சில சமயம் பட்டியலே மங்கிப்போய் அழுத்த முடியாமல் கிடக்கிறது. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கூடவே சொல்வது: "எல்லா செட்டிங்கையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்." தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பத்து இடத்தில் கை வைத்த பிறகு எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாகிவிடும்.

ஒரு விஎம் எழுந்து நிற்பதற்குள் திரையின் அளவு பல கை மாறுகிறது. முதலில் ஃபர்ம்வேர், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயாஸோ யுஇஎஃப்ஐயோ. அடுத்து இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர். அப்புறம் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், கிராஃபிக்ஸ் டிரைவர். கடைசியில் டெஸ்க்டாப். இவர்கள் வரைந்து முடித்த படத்தை உங்கள் மானிட்டரில் காட்டும் வியூவர் தனி. அது பிரவுசர் கன்சோலாக இருக்கலாம், விர்ட்-மேனேஜராக இருக்கலாம், விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலாகவும் இருக்கலாம். இவர்களில் யார் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதைத் தெரிந்துகொள்ள நான் முதலில் செய்வது, கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு, உள்ளேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தின் பிக்சல் அளவைப் பார்ப்பது. படம் 1920×1080 என்று இருந்து, கன்சோலில் மட்டும் எழுத்து மங்கலாகவோ சின்னதாகவோ தெரிந்தால், கெஸ்ட் மேல் தவறே இல்லை. வியூவர்தான் படத்தைச் சுருக்குகிறது அல்லது இழுக்கிறது. படமே 800×600 என்றால் கெஸ்டுக்குள் போக வேண்டும்.

வியூவர் பக்கம் என்றால் வேலை சுலபம். பிரவுசரில் ஓடும் நோவிஎன்சி கன்சோலில் ஸ்கேலிங் என்று ஒரு தேர்வு உண்டு. லோக்கல் ஸ்கேலிங் என்றால் பிரவுசர் படத்தை இழுத்தோ சுருக்கியோ ஜன்னலுக்குள் அடக்குகிறது, அதனால் எழுத்து கொஞ்சம் மங்கும். ரிமோட் ரீசைஸிங் என்றால் கெஸ்டையே அளவு மாற்றச் சொல்லிக் கேட்கிறது. மறுமுனை அதை ஏற்றுக்கொண்டால்தான் பலிக்கும். இரண்டும் வேண்டாம் என்றால் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல், பெரிய படமானால் ஸ்க்ரோல் பண்ண வேண்டியதுதான். பிரவுசரின் ஜூம் 100 சதவீதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 4கே மானிட்டரில் ஹோஸ்டை, அதாவது விஎம் ஓடும் நிஜக் கணினியை, 200 சதவீத ஸ்கேலிங்கில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: ரெசல்யூஷன் சரியாகவே இருக்கும், ஆனால் கெஸ்டின் எழுத்து எறும்பு மாதிரி ஊரும். அப்போது ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். கெஸ்டுக்குள் ஸ்கேலிங்கைக் கூட்டுங்கள், எழுத்து கூர்மையாகவே இருக்கும்.

இனி கெஸ்டுக்குள். நான் பார்த்தவரை பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் ஒன்றுதான்: சரியான டிரைவர் இல்லை, அல்லது டிரைவர் இருக்கிறது, ஹோஸ்டோடு பேசும் துணைச் சேவை இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். டிரைவர் இருந்தால் பெரிய அளவுகள் பட்டியலில் வரும். ஆனால் ஜன்னலை இழுக்கும்போது திரை தானாக விரிய, "ஜன்னல் இப்போது இத்தனை பிக்சல்" என்ற செய்தி கெஸ்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

விர்ச்சுவல்பாக்ஸில் அந்த வேலையைச் செய்வது கெஸ்டுக்குள் போடும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருள். வியூ மெனுவில் ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே மங்கிக் கிடந்தால் அடிஷன்ஸ் இல்லை அல்லது ஓடவில்லை என்று பொருள். விஎம் செட்டிங்ஸின் டிஸ்ப்ளே பகுதியில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலரையும் பாருங்கள்: லினக்ஸ் கெஸ்டுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் கெஸ்டுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ. பழைய விஎம்மை ஏற்றுமதி செய்து வேறு இடத்தில் இறக்கியவர்களிடம் இது மாறிக் கிடப்பது உண்டு. விஎம்வேரில் லினக்ஸ் கெஸ்டுக்கு ஓபன்-விஎம்-டூல்ஸ் மட்டும் போதாது, அதன் டெஸ்க்டாப் என்று முடியும் தனிப் பொட்டலமும் வேண்டும். முதலாவதைப் போட்டுவிட்டு "டூல்ஸ் இருக்கிறதே, ஏன் விரியவில்லை" என்று கேட்பவர்கள் நிறைய. லினக்ஸின் கேவிஎம்மில் திரையைக் காட்ட ஸ்பைஸ் நெறிமுறையைப் பயன்படுத்தினால் கெஸ்டுக்குள் ஸ்பைஸ்-விடிஏஜென்ட் ஓட வேண்டும், விஎம்மின் சாதனப் பட்டியலில் ஸ்பைஸ் சேனலும் இருக்க வேண்டும், விர்ட்-மேனேஜரின் வியூ மெனுவில் ஸ்கேல் டிஸ்ப்ளே என்பதற்குக் கீழே ஆட்டோ ரீசைஸையும் டிக் செய்ய வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் ஒன்றும் நடக்காது. இங்கே ஒரு குறுக்குவழி: ஹோஸ்டில் காப்பி செய்ததைக் கெஸ்டில் பேஸ்ட் செய்து பாருங்கள். அதுவும் அதே ஏஜென்ட் வழியாகத்தான் போகிறது. பேஸ்ட் ஆனால் ஏஜென்ட் உயிரோடு இருக்கிறது, வேறு இடத்தில் தேடலாம்.

விண்டோஸ் கெஸ்ட் என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் கதை முடிந்தது, டிரைவர் இல்லை. கேவிஎம் என்றால் விண்டோஸுக்கான டிரைவர்கள் அடங்கிய விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓவை இணைத்து அதிலிருந்து போடலாம். விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர் கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்து: விர்ட்டியோ ஜிபியு கார்டுக்கு விஐஓஜிபியுடிஓ, க்யூஎக்ஸ்எல் கார்டுக்கு க்யூஎக்ஸ்எல்டிஓடி.

அந்த பேசிக் அடாப்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யுஇஎஃப்ஐயில் எழுந்த விண்டோஸில் அது ரெசல்யூஷனை மாற்றவே மாற்றாது, ஃபர்ம்வேர் கொடுத்த அளவையே கடைசி வரை வைத்துக்கொள்ளும். பட்டியல் மங்கிக் கிடப்பது அதனால்தான். டிரைவர் போட வழியில்லாத இடத்தில், ஃபர்ம்வேரிலேயே அளவை மாற்றுங்கள். கேவிஎம், ப்ராக்ஸ்மாக்ஸ் போன்றவற்றில் வரும் ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேரானால், விஎம் எழும்போது எஸ்கேப் விசையை அழுத்தி டிவைஸ் மேனேஜர், அதற்குள் ஓவிஎம்எஃப் பிளாட்ஃபார்ம் கான்ஃபிகரேஷன், அதற்குள் ப்ரிஃபர்ட் ரெசல்யூஷன். மாற்றிச் சேமித்து, வெளியே வந்து முழுதாக ரீசெட் செய்யுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் ஃபர்ம்வேரின் அமைப்புகளைச் சேமிக்கும் இஎஃப்ஐ டிஸ்க் சேர்க்காமல் விட்டிருந்தால் இந்த மாற்றம் நிலைக்காது, எழுதி வைக்க இடமே இல்லையே.

டிரைவர் இருந்தும் பெரிய அளவுகள் வரவில்லையா? வீடியோ மெமரியைக் கணக்குப் போடுங்கள். அகலம், உயரம் இரண்டையும் பெருக்கி, 32 பிட் நிறத்துக்காக இன்னொரு 4ஆல் பெருக்கினால் ஒரு திரைக்கு எத்தனை பைட் என்று வரும். 1920×1080க்கு சுமார் 8 எம்பி. 2560×1440க்கு 14 எம்பிக்குக் கொஞ்சம் மேல். 3840×2160க்கு ஏறக்குறைய 32 எம்பி. கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மின் சாதனங்களை உருவாக்கிக் காட்டும் கியூஇஎம்யூவின் ஸ்டாண்டர்ட் விஜிஏ கார்டு இயல்பாகத் தருவது 16 எம்பிதான். அதனால் 1440 வரை நன்றாக இருந்துவிட்டு 4கேயில் கைவிரிப்பது அதன் சுபாவம். பழைய சிர்ரஸ் கார்டு இன்னும் மோசம், 4 எம்பி. 1024×768க்கு 3 எம்பி போதும், 1280×1024க்கு 5 எம்பி வேண்டும். சிர்ரஸில் 1024ஐத் தாண்டாமல் நிற்பவர்கள் அதற்குமேல் ஒன்றும் முயல வேண்டாம், கார்டை விர்ட்டியோவுக்கு மாற்றிவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் 128 எம்பி வரை தள்ளலாம். இரண்டு மானிட்டர் என்றால் மெமரியும் இரண்டு மடங்கு.

லினக்ஸில் நான் தவறாமல் பார்க்கும் இன்னொன்று நோமோட்செட். நிறுவும்போது திரை கறுத்துப் போய், யாரோ சொன்னார்கள் என்று கெர்னல் வரியில் (எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் தேர்வுகளின் வரி) இதைச் சேர்த்திருப்பார்கள். அது அப்படியே பூட்லோடரான கிரப்பின் கோப்பில் தங்கிவிடும். நோமோட்செட் இருக்கும்வரை கெர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர் வேலையை எடுத்துக்கொள்ளாது, டெஸ்க்டாப் ஃபர்ம்வேர் விட்ட அளவிலேயே நிற்கும். ப்ராக் கோப்புறையில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைப் படித்தால் அது இருக்கிறதா என்று உடனே தெரியும். எடுத்துவிட்டு, கிரப்பைப் புதுப்பித்து, ரீபூட்.

கிரப்பில் ஜிஎஃப்எக்ஸ்மோட் வரியை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பூட் மெனுவின் அளவைத்தான் மாற்றும். பேலோட் வரியில் கீப் என்று போட்டால் கெர்னல் எழும் வரை அந்த அளவு நிற்கும். அதன் பிறகு டிரைவர் வந்து தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும். டிரைவர் ஓடும்போது டெஸ்க்டாப் சிறுத்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

பட்டியலில் இல்லாத ஓர் அளவுதான் வேண்டும் என்றால், லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11 டெஸ்க்டாப்பில் சிவிடி கட்டளையிடம் அகலமும் உயரமும் கொடுத்து மோட்லைன் (அந்த அளவை விவரிக்கும் வரி) வாங்கி, அதை எக்ஸ்ரேண்டரின் நியூமோட், ஆட்மோட் தேர்வுகளால் சேர்க்கலாம். லாக்அவுட் செய்தால் மறந்துவிடும். அதற்குப் பின் வந்த வேலேண்ட் டெஸ்க்டாப்பில் இது பலிக்கவே பலிக்காது. எக்ஸ்ரேண்டர் பட்டியலில் அவுட்புட் பெயர் எக்ஸ்வேலேண்ட் என்று தொடங்கினால் நீங்கள் நிற்பது அங்கேதான். எனக்குப் பிடித்த வழி இரண்டிலும் வேலை செய்வது: கெர்னல் வரியில் வீடியோ என்று எழுதி, சமக்குறி போட்டு, அவுட்புட் பெயர், முக்காற்புள்ளி, அளவு என்று இடைவெளி இல்லாமல் கொடுப்பது. பெயர் பெரும்பாலும் விர்ச்சுவல்-1 என்று இருக்கும், சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், டிஆர்எம் என்று போனால் கிடைக்கும். அங்கேயே மோட்ஸ் என்ற கோப்பில் டிரைவர் ஏற்கும் அளவுகளும் இருக்கின்றன. லேப்டாப்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 1366 என்ற எண் 8ஆல் வகுபடாது. சிவிடியிடம் 1366×768 கேட்டால் 1368 என்றுதான் தரும். ஓரத்தில் ஒரு நூலிழை கறுப்பு தெரிந்தால் அதோடு சண்டை போடாதீர்கள்.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி தனிப் பிறவி. என்ஹான்ஸ்டு செஷனில் நுழைந்திருந்தால் அது உண்மையில் ரிமோட் டெஸ்க்டாப், உள்ளே இருந்து அளவை மாற்ற முடியாது. துண்டித்துவிட்டு, மறுபடி இணைக்கும்போது வரும் ஸ்லைடரில் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண செஷனில் லினக்ஸ் என்றால், விஎம்மை அணைத்துவிட்டு பவர்ஷெல்லில் செட்-விஎம்வீடியோ கட்டளையால் அளவைக் கொடுங்கள். கெர்னல் வரியிலும் வீடியோ அளவைப் போடுங்கள். பழைய கெர்னலில் அவுட்புட் பெயருக்குப் பதில் ஹைப்பர்வி எஃப்பி என்ற டிரைவர் பெயர் வரும், அடிக்கோட்டோடு.

டெஸ்க்டாப்பே இல்லாத சர்வருக்காக இவ்வளவும் செய்கிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். நெட்வொர்க் வழியாக டெர்மினலில் நுழையும் எஸ்எஸ்ஹெச் போதும். நெட்வொர்க் இல்லாத நேரத்துக்கு சீரியல் கன்சோலை ஒருமுறை அமைத்து வைத்தால், உங்கள் டெர்மினலின் எழுத்துருவிலேயே, காப்பி-பேஸ்ட்டோடு வேலை செய்யலாம். அதில் ஒரே குறை, உங்கள் டெர்மினல் எவ்வளவு பெரியது என்பது கெஸ்டுக்குத் தெரியாது, 80×24 என்று நினைத்துக்கொண்டு வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும். உள்ளே போனதும் எஸ்டிடிஒய் கட்டளையில் ரோஸ், கால்ஸ் இரண்டையும் கொடுங்கள், அல்லது எக்ஸ்டெர்ம் பொட்டலத்தோடு வரும் ரீசைஸ் கட்டளையை ஓட்டுங்கள். டெர்மினல் ஜன்னலின் அளவை மாற்றினால் திரும்பவும் ஓட்ட வேண்டும்.