இரண்டு சதுரம் ஒரே சதுரமாக: இரண்டே வெட்டு

பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். டியூஷன் பிள்ளைகளுக்கு வெட்டிச் சேர்க்கும் கணக்கு சொல்லித்தர அதைவிட நல்ல அட்டை கிடையாது. சார்ட் பேப்பர் திருவல்லிக்கேணிக் கடல் காற்றில் சுருண்டு போகும். பத்திரிகை இல்லையா, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கெட்டி அட்டை கிடைக்கும்.

முதலில் 8 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல 6 செ.மீ. சதுரம்; இரண்டுக்கும் அடிக்கோடு ஒரே நேராக இருக்கட்டும். நடுக்கோட்டை வெட்டாமல், வெளிவிளிம்பை மட்டும் வெட்டி ஒரே துண்டாக எடுங்கள். அப்புறம் அடிக்கோட்டில், இடது மூலையிலிருந்து 6 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து பெரிய சதுரத்தின் இடது மேல் மூலைக்கு ஒரு கோடு, சின்ன சதுரத்தின் வலது மேல் மூலைக்கு இன்னொரு கோடு. அளந்தால் இரண்டும் 10 செ.மீ. வர வேண்டும். புள்ளியில் மூலைமட்டம் வைத்தால் செங்கோணம் வர வேண்டும். இதைப் பார்க்காமல் நான் யாரையும் கத்தரிக்கோலைத் தொட விடுவதில்லை.

வெட்டினால் மூன்று துண்டு. முக்கோணங்கள் இரண்டும் அச்சு அசல் ஒரே அளவு. இடது முக்கோணத்தின் மேல்முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கமாக முக்கால் சுற்று திருப்புங்கள். பெரிய சதுரத்தின் தலைமேல் போய் உட்காரும். வலது முக்கோணத்தையும் அதேபோல் மேல்முனையில் பிடித்துத் திருப்பினால் சின்னதன் தலைமேல். 64-ம் 36-ம் சேர்ந்து 100: ஒரே சதுரம், பக்கம் 10 செ.மீ. அந்த இரண்டு முனைகளிலும் ஊசியால் துளைத்து நூலால் தளர்வாக முடிந்துவிட்டால், துண்டுகள் பிரியாமலே உருவம் மாறும். பிள்ளைகள் விடவே மாட்டார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த தாபித் இப்னு குர்ராவின் வழி இது என்பார்கள். பித்தகோரஸ் தேற்றத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

பொருந்துகிறதே என்று கண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. 8 செ.மீ. சதுரத்தை 3, 5 அகலப் பட்டைகளாக்குங்கள். சின்னப் பட்டையை மூலைக்கு மூலை வெட்டுங்கள். பெரியதை, ஒரு நீளப் பக்கத்தில் 3-லிருந்து எதிர்ப்பக்கத்தில் 5-க்குச் சாய்வாக வெட்டுங்கள். நான்கு துண்டையும் சேர்த்தால் 5-க்கு 13 செவ்வகம் மாதிரியே இருக்கும். 64 எப்படி 65 ஆனது? முக்கோணத்தின் சாய்வு 8-க்கு 3, மற்றதன் சாய்வு 5-க்கு 2. இரண்டும் ஒன்றல்ல. அதனால் மூலைவிட்டத்தோடு ஒரு மி.மீ. சொச்சத்துக்கு ஒரு கீற்று இடைவெளி விழுகிறது. நம்பாத பிள்ளைக்கு எல்லா அளவையும் மூன்று மடங்காக்கி வெட்டிக் கொடுங்கள். இடைவெளி மூன்று மி.மீ.யைத் தாண்டிவிடும்.