தெருவில் சிறுவன் பிடிபட்டால்: பொதுமக்களும் காவலர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடிய பையனைக் கூட்டம் மடக்கிவிட்டது. நான்கு பேர் அடிக்கிறார்கள், ஐந்தாமவர் படம் எடுக்கிறார். பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் பையனின் முகம் ஒருமுறை பரவிவிட்டால் அதைத் திரும்ப அழைக்க யாராலும் முடியாது. நீதிமன்றம் அவனை விடுவித்தாலும் அந்தப் படம் அவனை விடாது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, வழக்கின் எல்லாக் கட்டங்களிலும் சிறாரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்கிறது. படம் எடுக்காதீர்கள், வந்ததைப் பகிராதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு விசாரணை அறையில் நடக்கிறது. “அவனே ஒத்துக்கொண்டான்” என்பதோடு துப்புத் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்களிடம் காவல்துறை மணிக்கணக்கில் விசாரித்தது. நால்வர் குற்றத்தை ஒப்புக்கொண்டது வீடியோவில் இருந்தது. அதற்கு முந்தைய விசாரணை பதிவாகவில்லை. மரபணுத் தடயம் ஐவரில் எவரோடும் பொருந்தவில்லை. இருந்தும் தண்டனை கிடைத்தது. 2002இல் வேறொருவர் தானே செய்ததாகச் சொன்னார், மரபணுவும் பொருந்தியது, ஐவர் மீதான தீர்ப்புகளும் ரத்தாயின. தூக்கமின்றித் தவிக்கும் சிறுவனுக்கு “சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்” என்பது மட்டுமே காதில் விழும். ஆகவே வழக்கறிஞரும் பெற்றோரும் உடனிருக்க வேண்டும். முதல் கேள்வியிலிருந்தே பதிவு ஓட வேண்டும்.

மீசை அரும்பியிருப்பதைப் பார்த்து வயதை முடிவு செய்யாதீர்கள். வயதுச் சான்றிதழ் இல்லையென்றால் சந்தேகத்தின் பலன் அவனுக்கே; அவனைச் சிறுவனாகவே கருதுங்கள்.

நடைபாதையில் தூங்குவதையும் பிச்சை கேட்பதையும் குற்றமாக எழுதிப் பிள்ளைகளை அள்ளிச் செல்வது இன்னொரு தவறு. அவை வறுமையின் அடையாளங்கள். பெரியவர் செய்தால் குற்றமாகாத எதற்கும் சிறாரைத் தண்டிக்கக் கூடாது என்று சிறார் குற்றத்தைத் தடுப்பதற்கென ஐ.நா. வகுத்த, 1990ஆம் ஆண்டின் ரியாத் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

“பத்து நாள் உள்ளே இருந்தால் திருந்துவான்” என்பவர்கள், அங்கே அவனுக்குப் பாடம் சொல்லப்போவது யார் என்று யோசிப்பதில்லை. காவலில் வைப்பது கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கே இருக்க வேண்டும் என்கிறது குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 37ஆம் பிரிவு. பெரியவர்களோடு ஒரே அறையில் அடைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

“வழக்கு எதற்கு, இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டேன்” என்பதைப் பலர் கருணை என்றே நம்புகிறார்கள். அடி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பறித்த கைப்பேசியை வாங்கிக்கொள்ளும் பெரியவர் யார், பையனை அனுப்பியவர் யார் என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது. மறுநாள் அதே ஆள் அவனையோ அவனைவிடச் சின்னவனையோ அதே தெருமுனைக்கு அனுப்புகிறார்.