ஊட்னடாட்டா டிராக்கில் குடும்பங்களின் வாகன அணி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை

தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரீயில் தொடங்கி மார்லாவில் முடியும் ஊட்னடாட்டா டிராக், ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளமுள்ள மண்சாலை. 1980-இல் கைவிடப்பட்ட பழைய ‘கான்’ இருப்புப்பாதையை ஒட்டியே இது செல்கிறது. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் அந்தப் பாதையை ஊற்றுகளின் வரிசையில் அமைத்தார்கள். அதனால் வறண்ட நிலத்தின் நடுவேயும் நின்று பார்க்க இடங்கள் உண்டு. ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் எரிபொருள் கிடைக்கும், மணற்குன்றுகளைக் கடக்க வேண்டியதில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து முதன்முறையாக ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியான அவுட்பேக் செல்ல இதைவிடப் பொருத்தமான தடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கூட்டமாகப் போவதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. ஒவ்வொரு ஓட்டுநரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பேற்றால்தான் அது அணி. இல்லையென்றால் ஒரே சாலையில் தனித்தனியாகப் போகும் ஐந்து வண்டிகள்தாம்.

படி 1: காலமும் தடமும்

அங்கே குளிர்ந்த மாதங்களான மே முதல் செப்டம்பர் வரை செல்லுங்கள். வழியிலுள்ள ஊட்னடாட்டா ஊரில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோடையில் குழந்தைகளோடு போகும் இடமல்ல அது. குளிர்காலப் பகல் இதமாக இருந்தாலும் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கக்கூடும் என்பதால், உறக்கப் பைகளை அதற்கேற்ப வாங்குங்கள்.

மாரீயிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் கவர்ட் ஸ்பிரிங்ஸ், 200-இல் வில்லியம் கிரீக், 400-இல் ஊட்னடாட்டா, பிறகு மார்லா என்று தூரம் பிரியும். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். சுமாரான ஒரு மழை பெய்தாலே சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் வண்டியை இறக்கினால் அபராதம் உண்டு. ஆகவே புறப்படும் நாள் காலையிலும், வழியில் ஒவ்வோர் ஊரிலும், மாநில அரசின் சாலை நிலவர அறிவிப்பைப் பாருங்கள். விடுப்பு எடுக்கும்போதே இரண்டு நாள் கூடுதலாக எடுத்துவிடுவது நல்லது.

படி 2: யார் முன்னே, யார் பின்னே

நான்கு முதல் ஆறு வண்டிகள் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு நிறுத்தமும் கல்யாண வீட்டுப் பந்தி போல நீளும். முன்வண்டியை ஓட்டுபவர் வேகப் பிரியராக இருக்கக் கூடாது. கடைசி வண்டியை அனுபவசாலியிடம் கொடுத்து, கருவிப்பெட்டி, காற்று நிரப்பும் கம்பிரசர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை அதிலேயே வையுங்கள். பழுதாகி நிற்கும் வண்டியை எப்படியும் கடைசி வண்டிதான் வந்தடையும். டிரெய்லர் இழுக்கும் வண்டி இரண்டாவதாகச் சென்றால், அணி முழுவதும் அதன் வேகத்துக்குத் தானாகவே கட்டுப்படும்.

எல்லாருடைய தண்ணீரையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் என்று கொண்டால், நால்வர் குடும்பத்துக்கு நாளுக்கொரு 20 லிட்டர் கேன் ஆகிறது. கழுவுவதற்கானது தனி. தங்கள் தண்ணீர், மருந்து, ஒரு நாள் உணவு ஆகியவற்றைத் தங்கள் வண்டியிலேயே வைத்திருப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.

படி 3: டயரும் மீட்புக் கருவிகளும்

முழு அளவிலான மாற்று டயர் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நிம்மதி. மண்சாலை தொடங்கும் இடத்தில் டயரின் காற்றழுத்தத்தை ஓரளவு குறைத்து, அதற்கேற்ப வேகத்தையும் குறைக்க வேண்டும். காற்றை மட்டும் குறைத்துவிட்டு வேகத்தை விட்டுவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். ஜாக்கி மண்ணில் புதையாதிருக்கக் கனமான பலகைத் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன்பே வீட்டு வாசலில் ஒவ்வோர் ஓட்டுநரும் ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பழகிவிட வேண்டும்.

சிக்கிய வண்டியை இழுக்கும்போது டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் இழுவைப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்து பறந்து உயிரைக் குடித்த விபத்துகள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. எடை மதிப்பு குறிக்கப்பட்ட மீட்புப் பிடிகளை மட்டுமே பயன்படுத்துங்கள். இழுக்கும் நேரத்தில் குழந்தைகள் வெகுதூரம் தள்ளி நிற்கட்டும்.

படி 4: ரேடியோ

கைபேசிச் சமிக்ஞை பெரும்பாலான தூரத்துக்குக் கிடையாது. எல்லா வண்டியிலும் யுஎச்எஃப் சிபி ரேடியோ, அதாவது வண்டிக்கு வண்டி பேசும் வானொலிக் கருவி, இருக்க வேண்டும். 5-ஆம், 35-ஆம் சேனல்கள் அவசர உதவிக்கு மட்டுமே உரியவை. 22, 23 ஆகியவற்றில் பேசவே கூடாது. 40 லாரி ஓட்டுநர்களுடையது. ஃபோர் வீல் டிரைவ் அணிகள் வழக்கமாக 10-ஐப் பயன்படுத்துகின்றன, அங்கே நெரிசல் இருந்தால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். “முன்வண்டி பேசுகிறேன். எதிரே ஒரு வண்டி வருகிறது, இடப்பக்கம் ஒதுங்குங்கள்.” சற்று நேரத்தில், “கடைசி வண்டி பேசுகிறேன். எங்களையும் கடந்துவிட்டது.” இந்த இரண்டு வாக்கியங்கள் வந்துவிட்டாலே நடுவில் உள்ளவர்களுக்கு நிலைமை புரிந்துவிடும். சமையல் ஆலோசனைகளை முகாமில் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு செயற்கைக்கோள் தொலைபேசியோ, 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பிஎல்பி என்னும் அவசர அழைப்புக் கருவியோ அணியில் இருந்தாக வேண்டும். பிஎல்பியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம்.

படி 5: ஓட்டம்

முதன்முறை செல்வோர் கல்லுக்கும் பள்ளத்துக்கும் பயப்படுகிறார்கள். உண்மையான ஆபத்து புழுதி. காற்று வீசாத நாளில் முன்வண்டி எழுப்பும் செம்புழுதி சாலையின் மேலேயே திரை கட்டி நிற்கும். அதற்குள் நுழைந்தால் எதிரே வருவதும் தெரியாது, முன்னே நின்றுபோன வண்டியும் தெரியாது. ஆகவே இடைவெளியை மீட்டர் கணக்கில் வகுக்காமல் புழுதியைப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள்: சாலை தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பின்தங்க வேண்டும். அது சில நேரம் ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலாக இருக்கும். குறுக்குக் காற்று வீசினால் புழுதி ஓரமாக ஒதுங்கிவிடும், அப்போது நெருங்கி வரலாம். பகலிலும் முகப்பு விளக்கு எரியட்டும்.

இவ்வளவு விலகிப் போகும்போது பின்வண்டி கண்ணில் படாது. அதனால்தான் பாதை பிரியும் இடத்திலும், ஓடையைக் கடந்த பிறகும், ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த வண்டி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். பின்வண்டி வந்து விளக்கைச் சிமிட்டிய பிறகே நகருங்கள். இந்த ஒரு விதியை எல்லாரும் மீறாதிருந்தால் யாரும் தொலைந்துபோக வழியில்லை.

பல டிரெய்லர்களை இழுத்துச் செல்லும், ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமான ‘ரோடு டிரெயின்’ லாரிகள் இப்பகுதியில் ஓடுகின்றன. எதிரே வந்தால் ஒதுங்கி நின்றுவிடுங்கள். முன்னே போனால் 40-ஆம் சேனலில் கேட்டு, ஓட்டுநர் இசைவு தந்து, சாலையும் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே முந்துங்கள். வேலியில்லாத பண்ணை நிலம் என்பதால் மாடுகள் குறுக்கே வரும். அந்தி நேரத்தில் கங்காருகளும் சேர்ந்துகொள்ளும். மாலை 4 மணிக்கு எஞ்சின் அணைந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நிறுத்தங்களும் முகாமும்

கவர்ட் ஸ்பிரிங்ஸுக்குச் சற்று முன் ‘பப்ளர்’ என்ற ஊற்றில் கட்டாயம் நில்லுங்கள். நிலத்தடிப் பெருநீர்ப்படுகையிலிருந்து மேலேறும் நீர், அடிமணலைக் கிளறிக்கொண்டு குமிழ்களாகப் பொங்குவதைக் குழந்தைகள் நெடுநேரம் பார்ப்பார்கள். வழியிலுள்ள காட்டி தாண்டா-ஏர் என்னும் உப்பு ஏரி, அரபானா என்ற பழங்குடி மக்களின் புனித நிலம். அதன் உப்புப் படுகையில் கால் வைக்காமல் கரையிலிருந்தே பாருங்கள். ஊட்னடாட்டாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் முன்னால் நிற்கும் 578 மீட்டர் நீள அல்ஜிபக்னா இரும்புப் பாலத்தடியில் மதிய உணவை வைத்துக்கொள்ளலாம்.

முகாமில் வண்டிகளைக் காற்று வரும் பக்கம் வளைவாக நிறுத்தி, உள்வளைவில் கூடாரங்களை அடியுங்கள். வறண்ட ஓடைப் படுகையில் வேண்டாம். எங்கோ பெய்த மழை இரவில் வந்து சேரலாம். பெரிய யூகலிப்டஸ் மரங்களின் அடியிலும் வேண்டாம், கிளைகள் முன்னறிவிப்பின்றி விழும். மாடுகளின் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் தங்கினால் அவை தாகத்தோடு ஒதுங்கி நிற்கும். இரவில் உணவை மட்டுமல்ல, காலணிகளையும் வண்டிக்குள் வையுங்கள். டிங்கோ நாய்கள் தூக்கிச் சென்றுவிடும்.

சமையலை முறை வைத்துக்கொண்டு நாளுக்கொரு குடும்பம் செய்யட்டும். சிட்னி, மெல்பர்ன் பக்கமிருந்து வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழ ஈ தடுப்பு விதிகளின்படி தக்காளி, மிளகாய், பழங்களை மாநில எல்லையில் ஒப்படைக்க நேரும். அவற்றைத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வந்தபின் வாங்குங்கள். விறகு மூட்டும் முன் அன்று தீத் தடை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்லாவில் தார்ச்சாலை தொடங்கும். டயர்களில் காற்றைப் பழையபடி நிரப்பி, சக்கர நட்டுகளை முடுக்கி, ஏர் ஃபில்டரைத் தட்டிப் புழுதியை உதிர்த்த பிறகே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வேகமெடுங்கள். நாட்கள் போதாத குடும்பங்கள் மார்லா வரை வர வேண்டியதில்லை. வில்லியம் கிரீக்கிலிருந்து, அதே நெடுஞ்சாலையில் உள்ள கூபர் பீடி ஊருக்குப் பிரியும் ஏறத்தாழ 165 கிலோமீட்டர் மண்சாலையில் திரும்பிவிடலாம். அப்படிப் பிரிவோரும் இரண்டு வண்டிகளாவது சேர்ந்தே பிரிய வேண்டும்.